கண்டவர் சொல்லாத பெயர்: 'லிட்டில் கிரீன் மென்' என்னும் தொடரின் தோற்றமும் பொருள்நகர்வும்

ஆய்வுச் சுருக்கம்

வேற்றுக்கோள் உயிர்களைக் குறிக்க ஆங்கிலப் பேச்சுவழக்கில் வழங்கும் தொடர் 'லிட்டில் கிரீன் மென்' என்பதாகும். 'பச்சை நிறக் குறுமனிதர்' என்பது இதன் நேர்ப்பொருள். 1955ஆம் ஆண்டு அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஒரு குடும்பத்தார் கண்டதாகக் கூறிய உருவங்களிலிருந்து இத்தொடர் பிறந்தது என்னும் கருத்து பரவலாக உள்ளது. இக்கருத்து ஏற்கத்தக்கதன்று என்பதையும், தொடர் அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே நகைப்புக்குரிய வழக்காக நிலைபெற்றிருந்தது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. தொடரின் முதல் ஆட்சி எது என்னும் வினாவைவிட, அது யாருடைய வாயிலிருந்து யார்மீது ஏற்றப்பட்டது என்னும் வினாவே அதன் வரலாற்றைத் தெளிவாக்கும் என்பது கட்டுரையின் கருதுகோள். இதற்கு நன்னூலார் கூறும் காரணப்பெயர், இடுகுறிப்பெயர், குழூஉக்குறி ஆகிய கருத்துகள் துணையாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சொற்பிறப்பு, காரணப்பெயர், இடுகுறிப்பெயர், குழூஉக்குறி, வேற்றுக்கோள் உயிர், அறிவியல் புனைகதை, இதழியல் மொழி

முன்னுரை

ஒரு சொல்லின் தோற்றத்தை ஆராய்வோர் பெரும்பாலும் அச்சொல் முதன்முதலில் எங்கே, எப்போது எழுத்தில் பதிவாயிற்று என்று தேடுவர். பழைய நாளிதழ்கள் மின்னுருவாக்கம் பெற்றபின் இத்தேடல் மிக எளிதாகிவிட்டது. நூலகத்தில் பல மாதங்கள் செய்யவேண்டிய வேலை சில மணி நேரத்தில் முடிகிறது. இவ்வசதியால் பல சொற்களுக்கு முன்பு கருதப்பட்டதைவிடப் பழைய ஆட்சிகள் கிடைத்துள்ளன. எனினும், ஓர் எழுத்துத்தொடர் பழைய தாளில் காணப்படுவதும், இன்று அது தாங்கும் பொருளோடு அங்கு வழங்கியதும் ஒன்றாகா. இவ்விரண்டையும் வேறுபடுத்தாத ஆய்வு, நீண்ட சான்றுப் பட்டியலைத் தரலாம். சொல்லின் வரலாற்றைத் தராது.

'லிட்டில் கிரீன் மென்' என்னும் தொடர் இச்சிக்கலுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அது மூன்று எளிய சொற்களால் ஆனது. தனித்தனியே எடுத்தால் அவற்றுள் எதுவும் விண்வெளியைச் சுட்டவில்லை. ஆயினும், ஆங்கிலம் பேசுவோர் அத்தொடரைக் கேட்டவுடன் பறக்கும் தட்டிலிருந்து இறங்கும் உருவத்தையே நினைக்கின்றனர். நினைத்தவுடன் நகைக்கவும் செய்கின்றனர். இந்நகைப்பு தொடரின் பொருளுக்குப் புறம்பான ஒன்றா, பொருளின் பகுதியா என்பது ஆராயத்தக்கது.

பெயர்வகையும் ஆய்வுச் சிக்கலும்

தமிழ் இலக்கண மரபு பெயர்களை இடுகுறி, காரணம் என இருவகைப்படுத்துகிறது. மரம், மலை என்பன இடுகுறி. பறவை, அணி என்பன காரணம். காரணம் இருந்தும், அக்காரணமுடைய எல்லாவற்றையும் குறிக்காமல் ஒன்றற்கே உரித்தாகி நிற்பதைக் காரண இடுகுறி என்பர் உரையாசிரியர். முள்ளி என்பது முள்ளுடைய செடிகள் அனைத்தையும் குறியாமல் ஒரு செடியையே குறிப்பது இதற்குச் சான்று. இவ்வகைப்பாடு அனைத்திலும் ஓர் அடிப்படை எடுகோள் உண்டு. பெயர்க்கான காரணம் பெயரிடப்படும் பொருளிலேயே உள்ளது என்பதே அது. பறத்தல் பறவையிடம் உள்ளது. முள் முள்ளியிடம் உள்ளது.

பச்சைக் குறுமனிதர் என்னும் பெயர் வெளிப்பார்வைக்குத் தெளிவான காரணப்பெயர். நிறமும் அளவும் அதிலேயே சொல்லப்பட்டுள்ளன. ஆனால் அந்நிறமும் அளவும் உடைய பொருள் எதனையும் எவரும் கண்டு பெயரிடவில்லை. பெயர் முன்னே நிற்க, அதற்கேற்ற பொருள் பின்னர் ஓவியத்திலும் திரைப்படத்திலும் உருவாக்கப்பட்டது. ஆகவே இப்பெயருக்குக் காரணம் உண்டு. அது பெயரிடப்படும் பொருளிடம் இல்லை, பெயரிடுவோரின் மனநிலையில் உள்ளது. சொல்லின் பொருட்காரணம் எளிதில் புலப்படுவதில்லை என்னும் தொல்காப்பியக் கருத்து இங்கு நினைவுகூரத்தக்கது. காரணம் வெளிப்படையாகத் தெரிவதுபோல் தோன்றும் சொல்லிலும் உண்மைக் காரணம் மறைந்திருத்தல் கூடும்.

பச்சையும் குறுமையும்

தொடரின் தொன்மையை நிறுவ விழைவோர் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியிலுள்ள வூல்பிட் என்னும் ஊரின் பச்சைக் குழந்தைகள் கதையைச் சுட்டுவர். 12ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் இக்கதையைக் கோகிஷாலின் ரால்ஃப், நியூபர்க்கின் வில்லியம் ஆகிய இரு வரலாற்றெழுத்தாளர்கள் பதிவு செய்துள்ளனர். பச்சை மேனியுடைய சிறுவனும் சிறுமியும் அறுவடைக் காலத்தில் ஊரருகே கண்டெடுக்கப்பட்டனர், அவர்கள் பேச்சு எவருக்கும் விளங்கவில்லை, அவரைக்கொட்டையைத் தவிர வேறெதையும் உண்ணவில்லை, சிறுவன் இறந்தான், சிறுமி வேற்றுணவுக்குப் பழகிப் பச்சை நிறம் நீங்கி வாழ்ந்தாள் என்பது கதைச்சுருக்கம். 1621இல் 'துயர்நோயின் உடற்கூறு' என்னும் பொருள்தரும் தம் பெருநூலை வெளியிட்ட ராபர்ட் பர்ட்டன், இக்குழந்தைகள் வானிலிருந்து விழுந்தோராதல் கூடும் என்னும் எண்ணத்தையும் குறிப்பிடுகிறார்.

இக்கதையில் பச்சை உண்டு, சிறுமை உண்டு, பர்ட்டன் வழியாக வானமும் உண்டு. எனினும் இதிலிருந்து 20ஆம் நூற்றாண்டுத் தொடருக்கு நேரடி வழி காட்டும் சான்று இல்லை. ஒப்புமை வேறு, மரபுவழி வேறு. மேலும் இக்கதையில் நகைப்பு இல்லை. குழந்தைகள் பசித்திருக்கின்றனர், ஒரு குழந்தை இறக்கிறது, பதிவு செய்தவர்கள் வியப்போடும் தயக்கத்தோடும் எழுதுகின்றனர். சொற்கள் ஒத்திருந்தும் உணர்வு முற்றிலும் வேறாக உள்ளது.

இதைவிட வலுவான பின்னணி பிரித்தானியத் தீவுகளின் வனதேவதைக் கதைகளில் உள்ளது. அங்கு அவர்களைப் பெயர் சொல்லி அழைக்காமல் 'சிறு மக்கள்' என்று சுட்டுவது வழக்கம். அவர்கள் பச்சை ஆடை அணிவோராகப் பல கதைகளில் வருகின்றனர். கல்வி பரவியபின் இந்நம்பிக்கை முதியோரும் நாட்டுப்புறத்தாரும் குழந்தைகளும் கொள்வது எனத் தாழ்த்தி எண்ணப்பட்டது. எனவே 'சிறு பச்சை' என்னும் சேர்க்கை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, 'அறிவுடையோர் நம்பாத ஒன்று' என்னும் குறிப்பைத் தன்னுள் கொண்டிருந்தது எனக் கருத இடமுண்டு.

மற்றொரு பின்னணி செவ்வாய்க்கோள் குறித்த வானியல் பேச்சு. 1877இல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி செவ்வாயில் கோடுகளைக் கண்டு அவற்றை இத்தாலிய மொழியில் 'கனாலி' என்றார். இயற்கையான நீரோட்டத் தடத்தையும் வெட்டப்பட்ட கால்வாயையும் ஒருங்கே குறிக்கக்கூடிய அச்சொல், ஆங்கிலத்தில் வெட்டப்பட்ட கால்வாயாகவே பொருள்கொள்ளப்பட்டது. அமெரிக்க வானியலாளர் பெர்சிவல் லோவெல் 1895 முதல் எழுதிய நூல்களில், அக்கால்வாய்களை வெட்டிய அறிவுடைய உயிர்கள் அங்கு வாழ்வதாக வாதிட்டார். செவ்வாயின் கருநிறப் பகுதிகள் பசுநீல நிறமாகத் தோன்றியமையால் அவை தாவரங்களாக இருக்கலாம் என்றும் எண்ணப்பட்டது. இவ்வாறு செந்நிறக் கோளுக்குப் பச்சை உயிர் என்னும் இணைப்புக்கு வாய்ப்பு ஏற்பட்டது.

எட்கர் ரைஸ் பரோஸ் 1912இல் 'ஆல் ஸ்டோரி' இதழில் எழுதி, 1917இல் 'எ பிரின்சஸ் ஆஃப் மார்ஸ்' என நூலாக வெளிவந்த தொடர்கதை செவ்வாயின் பச்சை மனிதரைப் பெருவாரியான வாசகரிடம் கொண்டு சேர்த்தது. ஆனால் அம்மனிதருள் ஆடவர் ஏறத்தாழ 15 அடி உயரமும் நான்கு கைகளும் உடைய போர்வீரர். அவர்கள் அச்சத்திற்குரியவர்கள், நகைப்புக்குரியவர்கள் அல்லர். பரோஸ் பச்சையைத் தந்தார், குறுமையைத் தரவில்லை. அளவு மாறியபோது உணர்வும் மாறியது என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது.

நாளிதழ் ஆட்சிகள்

நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் கிரிஸ் ஆபெக் பழைய அமெரிக்க நாளிதழ்களைத் தேடித் தொகுத்த சான்றுகள் இத்தொடரின் வரலாற்றில் முதன்மையானவை. 1899இல் அட்லாண்டா நகரின் 'கான்ஸ்டிடியூஷன்' நாளிதழில், வேற்றுக்கோளிலிருந்து வந்த பச்சை நிறச் சிறுவனைப் பற்றிய கதை வெளியாகியுள்ளது. செவ்வாய் உயிரைக் குறித்து 'சிறு பச்சை மனிதன்' என்னும் தொடர், மெயின் மாநிலத்தின் 'டெய்லி கென்னபெக் ஜர்னல்' இதழில் 1908இல் காணப்படுகிறது. எனவே 1955ஐப் பிறப்பாண்டாகக் கொள்ளும் கருத்து சான்றளவிலேயே வீழ்கிறது.

இதினும் குறிப்பிடத்தக்கது 1938ஆம் ஆண்டுச் சான்று. அவ்வாண்டு அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ், எச். ஜி. வெல்ஸின் செவ்வாய்ப் படையெடுப்புக் கதையைச் செய்தி ஒலிபரப்புப் போல் வானொலி நாடகமாக்கினார். கேட்டவருள் ஒருபகுதியினர் அஞ்சினர். அவ்வச்சத்தை நாளிதழ்கள் பெரிதுபடுத்தி எழுதின. இதனை அடுத்து டெக்சஸ் மாநிலத்தின் 'கார்ப்பஸ் கிறிஸ்டி டைம்ஸ்' இதழில் பில் பர்னார்ட் எழுதிய பத்தி, செவ்வாயிலிருந்து வந்த விண்கலத்திலிருந்து 13 பச்சைக் குறுமனிதர் குதித்திறங்குவதாகத் தொடங்குகிறது. விண்கலமும் பச்சைக் குறுமனிதரும் இங்கே ஒன்றுசேர்கின்றனர்.

இச்சான்றில் மூன்று கூறுகள் கவனத்திற்குரியவை. முதலாவது, பத்தியாளர் தொடரை விளக்கவில்லை. வாசகர் அறிந்த ஒன்றாகவே கையாள்கிறார். இரண்டாவது, வெல்ஸின் கதையில் வரும் செவ்வாய் உயிர்கள் பருத்த உடலும் உணர்விழைகளும் கொண்டவை. பச்சைக் குறுமனிதர் அல்லர். நாடகத்தைக் கேட்டு அஞ்சியோரும் பச்சைக் குறுமனிதருக்கு அஞ்சவில்லை. மூன்றாவது, அஞ்சாத ஒருவர் அஞ்சியோரை நோக்கி நகைக்கவே இத்தொடரைப் பயன்படுத்துகிறார். நம்பியோர் வாயில் இத்தொடர் இல்லை. நம்பாதோர் வாயில் உள்ளது. இதன் பின்னைய வரலாறு முழுவதையும் விளக்கும் திறவுகோல் இவ்வுண்மையே.

பறக்கும் தட்டும் குறுமனிதரும்

1947 ஜூன் 24 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் ரெய்னியர் மலையருகே வானூர்தி ஓட்டிச் சென்ற கென்னத் ஆர்னால்ட், விரைந்து செல்லும் ஒன்பது பொருள்களைக் கண்டதாகக் கூறினார். நீர்ப்பரப்பில் எறியப்பட்ட தட்டு துள்ளிச் செல்வதுபோல் அவை சென்றன என்று தாம் இயக்கத்தையே வருணித்ததாகவும், செய்தியாளர்கள் அதனை வடிவமாக மாற்றிவிட்டதாகவும் அவர் பின்னர் விளக்கினார். 'பறக்கும் தட்டு' என்னும் பெயர் இவ்வாறு தோன்றியது. அதன்பின் மக்கள் கண்டதாகக் கூறியவை பெரும்பாலும் தட்டு வடிவிலேயே அமைந்தன. இதழியல் மொழி சாட்சியத்தை மாற்றுவதும், மாறிய சொல் அடுத்த சாட்சியத்தை உருவாக்குவதும் இங்கே ஒருசேர நிகழ்ந்தன.

1950இல் ஃபிராங்க் ஸ்கல்லி வெளியிட்ட நூல், நியூ மெக்சிகோவில் வீழ்ந்த விண்கலத்தில் குறுகிய உருவமுடைய உடல்கள் கண்டெடுக்கப்பட்டதாகக் கூறியது. இது மோசடி என்பது 1952இல் இதழாளர் ஒருவரின் புலனாய்வால் வெளிப்பட்டது. இவ்வுடல்கள் பச்சை நிறத்தனவாகக் கூறப்படவில்லை. எனினும் 'குறுமனிதர்' என்னும் எண்ணத்தைப் பறக்கும் தட்டோடு இணைத்ததில் இந்நூலுக்குப் பங்குண்டு.

இக்காலப் புனைகதைகள் தொடரை எவ்வாறு கையாண்டன என்பது சிறந்த சான்று தருகிறது. மேக் ரெனால்ட்ஸ் 1951இல் எழுதிய 'தி கேஸ் ஆஃப் தி லிட்டில் கிரீன் மென்' ஒரு துப்பறியும் புதினம். வேற்றுக்கோளார் புவியில் உலவுகின்றனரா எனக் கண்டறியுமாறு அறிவியல் புனைகதை ஆர்வலர்கள் துப்பறிவாளர் ஒருவரை அமர்த்துகின்றனர். தலைப்பே நகையுணர்வோடு அமைந்துள்ளது. ஃபிரெட்ரிக் பிரவுன் 1954 செப்டம்பரில் 'அஸ்டவுண்டிங்' இதழில் வெளியிட்டு 1955இல் நூலாக்கிய 'மார்ஷியன்ஸ், கோ ஹோம்' இன்னும் நுட்பமானது. கற்பனை வறண்ட அறிவியல் புனைகதை எழுத்தாளன் ஒருவன் பாலைநிலக் குடிலில் அமர்ந்திருக்கையில், கதவைத் தட்டி உள்ளே வருகிறது ஒரு பச்சைக் குறுமனித உருவம். உலகெங்கும் அதுபோல் நூறு கோடி உருவங்கள் ஒரே நாளில் தோன்றுகின்றன. அவை எவரையும் கொல்வதில்லை. ஏளனம் செய்கின்றன, மறைவுகளை வெளிப்படுத்துகின்றன, எவரையும் தனிமையில் விடுவதில்லை.

பிரவுனின் நகைச்சுவை ஒரு முன்னறிவை வாசகரிடம் எதிர்பார்க்கிறது. 'பச்சைக் குறுமனிதர்' என்பது எவரும் நம்பாத தேய்ந்த வழக்கு என்பதை வாசகர் அறிந்திருந்தால்தான், அதுவே உண்மையாகி முன்வந்து நிற்பது நகைப்பாகும். அதுமட்டுமன்றி, நகைத்தற்கென்றே உருவாக்கப்பட்ட உருவம் திரும்பி மனிதரைப் பார்த்து நகைக்கிறது. தொடரின் உட்பொருளைத் தலைகீழாக்கிக் காட்டிய இப்புதினத்தை, அத்தொடர் குறித்த முதல் திறனாய்வு எனவும் கொள்ளலாம். கென்டக்கி நிகழ்வுக்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே இது இதழில் வெளிவந்துவிட்டது என்பது கால அடிப்படையில் முக்கியமானது.

கெல்லி நிகழ்வும் சாட்சியத்தின் இழப்பும்

1955 ஆகஸ்ட் 21 இரவு, கென்டக்கி மாநிலத்தில் ஹாப்கின்ஸ்வில் நகரை அடுத்த கெல்லி என்னும் சிற்றூரின் பண்ணைவீடொன்றிலிருந்து பெரியவரும் குழந்தைகளுமாகப் பலர் காவல் நிலையத்திற்கு விரைந்து வந்தனர். கிணற்றில் நீரெடுக்கச் சென்ற ஒருவர் வானில் ஒளிமிக்க பொருளைக் கண்டதாகவும், பின்னர் ஏறத்தாழ மூன்றடி உயரமும் பெரிய காதுகளும் ஒளிரும் கண்களும் உடைய உருவங்கள் வீட்டைச் சூழ்ந்ததாகவும், அவற்றைத் துப்பாக்கியால் சுட்டும் பயனில்லை என்றும் கூறினர். காவலர் சென்று தேடியும் உருவங்கள் எவையும் கிடைக்கவில்லை.

அவர்கள் கண்டது என்ன என்பது இக்கட்டுரையின் பொருளன்று. கொம்பாந்தைகளைத் தவறாகக் கண்டிருக்கலாம் என்னும் விளக்கம் பின்னாளில் ஐயவாத ஆய்வாளர்களால் முன்வைக்கப்பட்டு ஏற்பும் பெற்றுள்ளது. ஆராயவேண்டியது அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதே. அவர்கள் உருவங்களை வெள்ளி போன்ற ஒளிர்வுடையனவாக வருணித்தனர். மறுநாள் உள்ளூர் வானொலி நிலையப் பணியாளர் ஒருவர் அவர்கள் கூற்றைக் கேட்டுப் படங்கள் வரைந்தார். உள்ளூர் நாளிதழான 'கென்டக்கி நியூ எரா' ஆகஸ்ட் 22 அன்று வெளியிட்ட தலைப்பு விண்கலத்தையும் 12 'சிறு மனிதரையும்' குறிப்பிடுகிறது, பச்சையைக் குறிப்பிடவில்லை. 1956இல் நேரில் சென்று ஆராய்ந்த இசபெல் டேவிஸ், டெட் புளோக்கருடன் இணைந்து 1978இல் வெளியிட்ட விரிவான அறிக்கையும் பச்சை நிறம் சாட்சிகளின் கூற்றிலிருந்து வந்ததன்று எனத் தெளிவுபடுத்துகிறது.

செய்தி ஊர்விட்டு ஊர் சென்றபோதுதான் 'சிறு மனிதர்' என்பது 'பச்சைக் குறுமனிதர்' ஆயிற்று. முன்னரே ஆயத்தமாக இருந்த நகைப்புத்தொடர் புதிய செய்தியின்மீது பொருத்தப்பட்டது. இம்மாற்றம் நிறத்தோடு நிற்கவில்லை. வெள்ளி நிற உருவத்தைக் கண்டதாகச் சொல்பவரிடம் எங்கே, எவ்வளவு தொலைவில், எத்தகைய வெளிச்சத்தில் எனக் கேட்கத் தோன்றும். அவ்வினாக்கள் கேட்கப்பட்டிருந்தால் ஆந்தை விளக்கமும் விரைவில் எட்டப்பட்டிருக்கலாம். பச்சைக் குறுமனிதரைக் கண்டதாகச் சொல்பவரிடம் கேட்க எதுவும் இல்லை. தொடரே தீர்ப்பாகிவிடுகிறது.

அக்குடும்பத்தார் குழாய்நீர் வசதியற்ற வீட்டில் வாழ்ந்த உழவர்கள். செய்தி பரவியபின் வேடிக்கை பார்க்க வந்தோர் கூட்டம் வீட்டைச் சூழ்ந்தது. கூட்டத்தைத் தடுக்கக் கட்டணம் கேட்டபோது, பணத்திற்காகப் பொய் சொன்னவர்கள் என்னும் பழியும் சேர்ந்தது. இன்று கெல்லியில் இந்நிகழ்வின் நினைவாக நடைபெறும் விழா பச்சைக் குறுமனிதர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. சாட்சிகள் சொல்லாத சொல் அவர்களது ஊரின் அடையாளமாகிவிட்டது. தொடர் கெல்லியில் பிறந்தது எனக் கூறும் சொற்பிறப்பு விளக்கம், இவ்வரலாற்றுப் பிழைக்கு ஆய்வுத்தகுதி அளிக்கிறது. எளியோர் கூற்றின்மீது பிறர் ஏற்றிய நகைப்பை அவர்களே சொன்னதாக மாற்றுவதால், இதனை ஆண்டுக் கணக்கில் நேர்ந்த பிழையாக மட்டும் கருதிவிட முடியாது.

கேம்பிரிட்ஜ்: குழூஉக்குறியாக

ஒரு குழுவினர் ஏதேனும் காரணம்பற்றித் தமக்குள் வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி என்பது மரபு. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' எனல் உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. பிறர் அறியாமல் பேசுதற்கு இது பயன்படும். 1967இல் கேம்பிரிட்ஜ் வானொலி வானியல் குழுவில் பச்சைக் குறுமனிதர் குழூஉக்குறியாயினர்.

அப்போது ஆய்வு மாணவியாக இருந்த ஜோசலின் பெல், ஆன்டனி ஹியூயிஷின் வழிகாட்டலில் அமைக்கப்பட்ட வானொலித் தொலைநோக்கியின் பதிவுத்தாள்களில் வழக்கத்திற்கு மாறான குறியொன்றைக் கவனித்தார். நவம்பர் 28 அன்று எடுத்த விரைவுப் பதிவில் அது ஏறத்தாழ 1.33 நொடிக்கு ஒருமுறை சீராகத் துடிப்பது தெரிந்தது. அத்தகைய இயற்கைப் பொருள் அதுவரை அறியப்படவில்லை. குழுவினர் அதற்கு எல்ஜிஎம் 1 எனக் குறியிட்டனர். 'லிட்டில் கிரீன் மென்' என்பதன் முதலெழுத்துகளே அவை.

அறிவுடைய உயிர்கள் அனுப்பும் குறியாக இருக்கலாம் என்னும் வாய்ப்பை அக்குழு முற்றிலும் புறக்கணிக்கவில்லை. அவ்வாறாயின் அதை எவ்வாறு அறிவிப்பது என்று கலந்துபேசவும் செய்தது. அதே நேரம், அவ்வாய்ப்பை வெளிப்படச் சொல்வது அறிஞர் அவையில் மதிப்பிழப்பைத் தரும். நகைப்புத்தொடர் இவ்விரண்டுக்கும் இடையே வழியமைத்தது. கருத்தைச் சொல்லவும் முடிந்தது. சொன்னதற்குப் பொறுப்பேற்காமலிருக்கவும் முடிந்தது. டிசம்பர் 21 அன்று வானின் வேறொரு பகுதியில் இரண்டாவது மூலத்தைப் பெல் கண்டதும், இரு வேறிடங்களிலிருந்து ஒரேவகைக் குறியை வேற்றுக்கோளார் அனுப்புதல் அரிது என்பதால் அவ்வாய்ப்பு பெரிதும் நீங்கியது. 1968 பிப்ரவரி 24 நாளிட்ட 'நேச்சர்' இதழில் கண்டுபிடிப்பு வெளியானது. துடிப்பு விண்மீன் எனப் பின்னர் அறியப்பட்ட அப்பொருள், கேம்பிரிட்ஜையும் வான்நிலையையும் சுட்டும் வகையில் சிபி 1919 எனப் பெயர்பெற்றது. இங்குக் காரணப்பெயர் வந்தவுடன் குழூஉக்குறி விலகியது. கெல்லியில் இது நிகழவில்லை. பதிவுத்தாளும் மீண்டும் அளந்து பார்க்கும் வாய்ப்பும் உடையோர் நகைப்பிலிருந்து மீண்டனர். வாய்மொழி ஒன்றையே சான்றாக உடையோர் மீளவில்லை.

கிரிமியா: நகைப்பின் அரசியல்

2014 பிப்ரவரி இறுதியில் உக்ரைனின் கிரிமியாவில், அடையாளச் சின்னங்கள் இல்லாத பச்சைச் சீருடை அணிந்து முகம் மறைத்த படையினர் அரசுக் கட்டடங்களைக் கைப்பற்றினர். ரஷ்ய மொழியில் அவர்கள் 'ஜெல்யோனியே செலவேச்கி' எனப்பட்டனர். ஆங்கிலத்தொடரின் நேர்பெயர்ப்பான இதில் 'சிறு' என்பதற்குத் தனிச்சொல் இல்லை. மனிதர் என்னும் சொல்லோடு சேர்ந்த குறுமை விகுதியே அப்பொருளைத் தருகிறது. அதனோடு செல்லமும் இளக்காரமும் கலந்த தொனியையும் அவ்விகுதி ஏற்றுகிறது.

எங்கிருந்து வந்தனர் எனத் தெரியாதோர் என்பது இப்பெயரின் குறிப்பு. ஆனால் அது பெரும்பாலோர் அறிந்ததே. மார்ச் 4 அன்று அவர்கள் உள்ளூர்த் தற்காப்புப் படையினர் எனக் கூறிய ரஷ்ய அதிபர் புதின், ஏப்ரல் 17 அன்று ரஷ்யப் படையினர் அங்கு இருந்ததை ஒப்புக்கொண்டார். இடைப்பட்ட காலத்தில் கிரிமியா ரஷ்யாவுடன் இணைக்கப்பட்டுவிட்டது. மக்கள் எள்ளலாக இட்ட பெயர், படையினரின் நாட்டைச் சொல்லாமல் அவர்களைப் பற்றிப் பேசுதற்கு வழிசெய்தது. எவரும் நம்பாத உயிர்க்கு வழங்கிய பெயர், எவரும் பொறுப்பேற்காத படைக்கும் பொருந்தியது. நிற ஒற்றுமை இதற்கு வாயிலாக அமைந்தது. தொடர் தன்னுள் கொண்டிருந்த மறுப்புணர்வே அதனை அங்கு நிலைக்கச் செய்தது.

தமிழில் இத்தொடர் வேரூன்றாமை

'பறக்கும் தட்டு' என்னும் மொழிபெயர்ப்புத் தொடர் தமிழில் இயல்பான வழக்காகிவிட்டது. பச்சைக் குறுமனிதர் என்பதற்கு அவ்வாறு நிலைத்த தமிழ்வடிவம் எதுவும் உருவாகவில்லை. வேற்றுக்கிரகவாசி என்பதும் ஏலியன் என்பதுமே பெருவழக்கு. 2024இல் வெளியான 'அயலான்' திரைப்படம் தலைப்பிற்கு நிறத்தையோ அளவையோ கொள்ளாமல் உறவின் தொலைவைக் குறிக்கும் பழஞ்சொல்லைக் கொண்டது.

இதற்கான காரணங்கள் தொடரின் இயல்பை மேலும் விளக்குவன. தட்டு என்பது பொருளின் பெயர். அதனைப் பெயர்த்தால் பொருளும் உடன்வரும். பச்சைக் குறுமனிதர் என்பது ஒரு மனநிலையின் பெயர். அதனைப் பெயர்த்தால் நிறமும் அளவும் வரும், நகைப்பு வராது. தமிழில் பச்சை மேனி தெய்வத்திற்குரியது. திருமாலும் மீனாட்சியும் பச்சை நிறத்தவராகப் போற்றப்படுகின்றனர். பச்சைப் பொய், பச்சைக் குழந்தை முதலிய வழக்குகளில் அச்சொல் கலப்பின்மையையும் முதிராமையையும் குறிக்கிறது. பச்சை ஆடைச் சிறுதேவதைகளை நம்பிப் பின் கைவிட்ட மரபு இங்கில்லாமையால், கைவிட்ட நம்பிக்கையை எள்ளும் தொனிக்கும் இடமில்லை. ஆகவே மொழிபெயர்ப்பாளர் இத்தொடரை எதிர்கொள்ளும்போது சொற்களைப் பெயர்ப்பதா, தொனியைப் பெயர்ப்பதா என்பதைச் சூழல்நோக்கி முடிவுசெய்ய வேண்டியுள்ளது. பிரவுனின் புதினத்தில் நிறமும் அளவும் தேவை. கிரிமியா பற்றிய செய்தியில் சீருடையின் நிறம் தேவை. 'மனிதர்' என்பதோடு நிறுத்தாமல் படையினர் என்று விளக்குவதும் தேவை.

முடிவுரை

இக்கட்டுரையின் ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. 'லிட்டில் கிரீன் மென்' 1955ஆம் ஆண்டுக் கெல்லி நிகழ்வில் தோன்றியதன்று. 1908, 1938ஆம் ஆண்டு நாளிதழ் ஆட்சிகளும் 1951, 1954ஆம் ஆண்டுப் புனைகதைகளும் அதற்கு முற்பட்டவை.

2. தொடர் காரணப்பெயர்போல் தோன்றினும், அதன் காரணம் பெயரிடப்படும் பொருளில் இல்லை. நம்ப மறுக்கும் பெயரிடுவோரிடம் உள்ளது. நகைப்பு அதன் பொருளின் பகுதியே.

3. கெல்லி சாட்சிகள் பச்சை நிறத்தைக் கூறவில்லை. செய்தி பரவிய வழியில் அவர்கள்மீது ஏற்றப்பட்ட தொடரை அவர்களுக்கே உரியதாக்குவது சாட்சியத்தைச் சிதைப்பதாகும்.

4. கேம்பிரிட்ஜில் இத்தொடர் தற்காலிகக் குழூஉக்குறியாக நின்று, உரிய பெயர் கிடைத்ததும் நீங்கியது. கிரிமியாவில் உரிய பெயரைச் சொல்லாதிருக்கும் பொருட்டுப் பயன்பட்டது.

மின்னாவணத் தேடலால் கிடைக்கும் முதல் ஆட்சிகளோடு, ஒவ்வோர் ஆட்சியிலும் பேசுவோர் யார், பேசப்படுவோர் யார் என்பதையும் பதிவு செய்தல் வேண்டும். தமிழ் நாளிதழ்களின் பழைய தொகுதிகள் மின்னுருப் பெற்றுவரும் இக்காலத்தில், செய்தியாளர் மொழிக்கும் சாட்சியின் மொழிக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் குறிக்கும் முறையொன்றைத் தமிழ்ச் சொல்லாய்வு தொடக்கத்திலேயே அமைத்துக்கொள்வது பயன்தரும்.